வழிகாட்டியின் கூலி

கோஸ்டா ரிகாவின் ஓசா தீபகற்பத்தில், பசிபிக் கடலோரம் அமைந்த கொர்கோவாதோ தேசியப் பூங்கா 1975இல் நிறுவப்பட்டது. டேபிர், செந்நிறப் பஞ்சவர்ணக்கிளி, நால்வகைக் குரங்குகள் வாழும் இம்மழைக்காட்டில், 2014 முதல் சான்று பெற்ற வழிகாட்டியின்றி எவரும் நுழைய இயலாது. செலவு கூடுகிறது, தனிமை கெடுகிறது எனப் பயணிகள் சிலர் குறைகூறுவர். அக்குறை ஏற்கத்தக்கதன்று. ஓதம் ஏறினால் கரைவழி அடைபடும். ஆற்றுமுகங்களில் முதலையும் சுறாவும் உலவும். எனினும் முதன்மைக் காரணம் வேறு. இக்காட்டில் பொன் அரித்துப் பிழைத்தோர் 1986இல் வெளியேற்றப்பட்டனர். அவ்வெளியேற்றம் காட்டைக் காத்தது, பிழைப்புக்கு வழிசெய்யவில்லை. இன்று வழிகாட்டி பெறும் கூலி, காடு அழியாதிருந்தால் மட்டுமே அவ்வட்டாரத்தாருக்குக் கிடைக்கும் வருவாய். பயணி அதை மனமுவந்து தருவதே முறை.