நாலாவதுதான் கண்!

குளிர்காலமா, சென்னையிலா என்று சிரிக்காதீர்கள். ஸ்வெட்டர் போடும் குளிர் இல்லைதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் மார்கழிப் பனியும் செடிகளுக்கு வேறு காலம். அதற்குத் தோட்டத்தைத் தயார் செய்ய புரட்டாசிக் கடைசியில் நர்சரிக்கு வருகிறவர்கள் கேட்பதைக் கேட்டிருக்கிறீர்களா? ''பார்க்க பளிச்சுனு எது சார் இருக்கும்?''

பளிச்சென்று சாமந்தித் தொட்டி நாலு. ஈரம் காட்ட ஒரு மீட்டர். பால்கனிக்கு பிளாஸ்டிக் புல். வீட்டைச் சுற்றி மிச்சமிருக்கும் நாலடி மண்ணுக்கு? ''மழை பேஞ்சா சேறாயிடும் சார்.'' ஆகவே சிமென்ட்!

நான் பி.காம். படித்தவன். இந்த பில்லைப் பிரித்துப் பார்த்தால், அத்தனை செலவும் கண் என்கிற ஒரே தலைப்பில்தான் விழுகிறது. மற்ற நாலு புலன்களுக்கு ஒரு பைசா இல்லை.

தொல்காப்பியம் அறிவை வரிசைப்படுத்தியபோது முதலில் வைத்தது தொடு உணர்வை. அப்புறம் நாக்கு, மூக்கு. கண் நாலாவது. அப்புறம் காது, கடைசியில் மனம். தோட்டத்துக்கு இதைவிட நல்ல வரிசை கிடையாது.

முதலில் விரல். தொட்டி மண்ணில் இரண்டு கணு ஆழம் குத்துங்கள். ஈரம் ஒட்டினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடைமழையில் செடி தாகத்தால் சாவதில்லை. மண்ணில் காற்று இருக்கவேண்டிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ள, வேர் மூச்சுமுட்டிச் சாகிறது. தொட்டியின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்பதையும் விரல்தான் சொல்லும்.

நாக்குக்குக் கொத்தமல்லி. வெயிலில் அவசரமாகப் பூத்து முடிந்துபோவது, இந்தக் குளுமையில்தான் நின்று தழைக்கும். கிள்ளி வாயில் போட்டுப் பாருங்கள்.

மூக்கு? ஒரு பிடி மண்ணை எடுத்து முகருங்கள். அழுகின முட்டை வாடை வந்தால் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. மழை வாசனை வந்தால் மண்ணுக்கு உயிர் இருக்கிறது. அந்த வாசனையின் பெயர் ஜியோஸ்மின். மண்ணிலுள்ள பாக்டீரியா செய்வது. லட்சம் கோடியில் சில பங்கு கலந்திருந்தாலும் மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். இப்படியொரு கருவியை முகத்தில் வைத்துக்கொண்டு கடையில் போய் மீட்டர் வாங்குகிறோம்!

காதுக்கும் வேலை உண்டு. மண் தொட்டியை விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் காய்ந்திருக்கிறது, மந்தமாகக் கேட்டால் ஈரம். பிளாஸ்டிக் தொட்டியிடம் இந்தப் பேச்சு எடுபடாது.

அதே தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவு என்கிறது. அந்த ஓரறிவு செய்கிற காரியத்தைப் பாருங்கள். ஆடியில் விதைத்த நாட்டு அவரைக் கொடி, இரவு நீளும்வரை காத்திருந்து பூக்கிறது. விடிய விடிய விளக்கைப் போட்டு அந்தக் கணக்கைக் குழப்புகிற ஆறறிவு யார்? நாம்தான்.

''இதுக்கெல்லாம் நேரமில்லை சார்'' என்பீர்கள். விரலைக் குத்த எத்தனை நேரம் ஆகும்? ''மண் இருந்தா கொசு வரும்'' என்பீர்கள். டெங்கு கொசு முட்டையிடுவது சேற்றில் இல்லை ஐயா, அழகுக்காக நீங்கள் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தேங்கும் நல்ல தண்ணீரில்!

சிமென்ட் விஷயம் மூக்கோடும் முடிவதில்லை. தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். ஓரமாக ஒரு குழாயைச் சொருகிவிட்டு, தானாகவே குடித்துக்கொண்டிருந்த மண்ணை மூடினோம். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, அதே சிமென்ட் தரையில் குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்திருந்தோம்.

அடுத்த மழைக்கு முன்னால் அந்த சிமென்டில் நாலு சதுர அடியையாவது பெயர்த்து எடுங்கள். அவரை விதை இரண்டு ஊன்றுங்கள். முதல் தூறல் விழும்போது பிள்ளைகளைக் கூட்டி வந்து பக்கத்தில் நிறுத்துங்கள். செல்போனை உள்ளேயே வைத்துவிட்டு வாருங்கள். அந்த வாசனை போட்டோவில் விழாது.