அப்டேட்டுக்குப் பின் எழாத கணினி

"அப்டேட் போட்டேன், அப்புறம் சிஸ்டம் ஆன் ஆகலை." கணினி பழுது பார்க்கும் கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பெரும்பாலும் கணினி ஆன் ஆகியிருக்கும். உள்ளே விசிறி சுற்றும், திரையில் நிறுவனத்தின் சின்னம் வரும். அதற்குப் பிறகுதான் நிற்கும். எங்கே நின்றது என்று கவனித்தால் பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

பொத்தானை அழுத்தியதும் முதலில் ஓடுவது விண்டோஸும் அல்ல, லினக்ஸும் அல்ல. மதர்போர்டின் சிப்பில் பதிந்துள்ள ஃபர்ம்வேர் என்ற சிறு நிரல்தான் முதலில் விழிக்கிறது. நினைவகமும் விசைப்பலகையும் சரியா என்று பார்த்துவிட்டு, அது வட்டில் பூட் லோடரைத் தேடுகிறது. பூட் லோடரின் வேலை, இயங்குதளத்தின் மையமான கெர்னலை நினைவகத்தில் ஏற்றுவது. கெர்னல் டிரைவர்களை, அதாவது வன்பொருளை இயக்கும் நிரல்களை, எழுப்புகிறது. நாம் பார்க்கும் உள்நுழைவுத் திரை கடைசியில்தான் வரும்.

துவக்க வட்டு இல்லை என்ற செய்தி வந்தால், ஃபர்ம்வேருக்குப் பூட் லோடர் கிடைக்கவில்லை. மறந்துபோய்ச் செருகிய பென் டிரைவ்கூட இதற்குக் காரணமாகலாம். முதலில் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். கறுப்புத் திரையில் 'கிரப்' என்ற சொல் மட்டும் நின்றால், லினக்ஸின் பூட் லோடருக்கு மேலே போக வழி தெரியவில்லை. விண்டோஸின் பிழைச் செய்தியான நீலத்திரை வந்தால், பூட் லோடர் அநேகமாகத் தன் வேலையை முடித்திருக்கும். கோளாறு பெரும்பாலும் கெர்னலிலோ டிரைவரிலோ இருக்கும்.

பூட் லோடர் கிடைக்காமல் போவதற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதையொட்டிப் பழைய கணினிகளைப் பலர் விண்டோஸ் 11-க்கு மாற்றுகிறார்கள். அதற்கு யூஇஎஃப்ஐ என்ற புதிய வகை ஃபர்ம்வேர் முறை வேண்டும். பழைய முறையில் ஓடிக்கொண்டிருந்த கணினியில் அந்த அமைப்பை மட்டும் மாற்றினால் கணினி எழாது. வட்டு பழைய எம்பிஆர் முறையிலேயே பிரிக்கப்பட்டிருப்பதுதான் காரணம். புதிய முறை ஜிபிடி வகைப் பிரிவை எதிர்பார்க்கிறது. இங்கே எதுவும் அழியவில்லை. அமைப்பைப் பழையபடி வைத்தால் விண்டோஸ் எழும். பிறகு விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால், தரவை அழிக்காமல் வட்டை மாற்றிக்கொள்ளலாம். நகல் எடுத்துவிட்டுச் செய்வது நல்லது.

இன்னொரு எடுத்துக்காட்டு சற்றுச் சிக்கலானது. ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருப்பது நமக்குப் புதிதல்ல. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குத் தரத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. புதிய கணினிகளில் இப்படி இரண்டையும் வைத்திருந்த பலருக்கு, 2024 ஆகஸ்ட் 13 விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸ் எழவில்லை. காரணம் செக்யூர் பூட். நம்பகமான கையொப்பம் உள்ள பூட் லோடரை மட்டும் ஓடவிடும் ஃபர்ம்வேர் பாதுகாப்பு அது. பழைய கிரப் பதிப்புகளில் ஓட்டை இருந்ததால், அவற்றை ஏற்கக் கூடாது என்ற குறிப்பை அந்த அப்டேட் ஃபர்ம்வேரில் எழுதியது. சாவி தொலைந்ததென்று திண்டுக்கல் பூட்டின் லீவரை மாற்றி அமைப்பது போலத்தான்: திருடனோடு, பழைய சாவி வைத்திருக்கும் வீட்டுக்காரரும் வெளியே நிற்பார். இரட்டை இயங்குதளக் கணினிகளுக்கு இந்தக் குறிப்பு போகாது என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. சில கணினிகளை அப்படி அடையாளம் காண முடியாமல் போயிற்று. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் அந்தக் குறிப்பை நீக்குவது அப்போதைய வழி. முழுத் தீர்வு 2025 மே மாத அப்டேட்டில்தான் வந்தது.

நீலத்திரைக்கு எடுத்துக்காட்டாக 2024 ஜூலை 19-ஐச் சொல்லலாம். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித் தந்தார்கள். மருந்து எளியது: குறைந்த டிரைவர்களோடு எழும் சேஃப் மோடில் போய் அந்தக் கோப்பை அழிப்பது. ஆனால் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கிய கணினிகளில் 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் அதைக்கூடச் செய்ய முடியவில்லை. செக்யூர் பூட்டை அணைத்தாலும் பிட்லாக்கர் அதே எண்ணைக் கேட்கக்கூடும். பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் அது உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதைப் பலர் அறிவதில்லை.

"ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்பது பொய்யல்ல. ஆனால் மேலே சொன்ன மூன்றிலும் ஃபார்மட் தேவைப்படவில்லை. விண்டோஸ் அடுத்தடுத்து எழத் தவறினால் தானே பழுதுநீக்கும் திரைக்குப் போகும்; பெரிய பதிப்பு மாற்றமாக இருந்தால், வழக்கமாகப் பத்து நாட்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். லினக்ஸில் கிரப் பட்டியலில் பழைய கெர்னல் பெரும்பாலும் இருக்கும். அதைத் தேர்ந்து பார்க்கலாம். இவை தோற்றால், பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ் வழியாகக் கோப்புகளை வேறு வட்டுக்கு எடுக்கலாம். கணினியைக் கடையில் ஒப்படைக்கும்போது, திரையில் வந்த செய்தியைக் கைபேசியில் படம் பிடித்துக் காட்டி, ஃபார்மட்டுக்கு முன் நகல் எடுப்பார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.