சுவரில தொங்க விடவா கிற்றார்?

எங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு எலெக்ட்ரிக் கிற்றார்தான் இருக்கிறது. ஆரோ பாவிச்சது, கொழும்பில் 38,000 ரூபாய்க்கு வாங்கினோம். சீனாவில் செய்த ஸ்ட்ராற்றோகாஸ்டர் நகல். பன்னிரண்டாவது பிரெட்டுக்கு மேலே போனால் தந்தி இரையும். வயர் செருகிற ஓட்டை எப்பவும் ஆடும். திருநெல்வேலிச் சந்திப் பக்கம் ரேடியோ திருத்துகிற ஐயா ஒருவர்தான் ஒவ்வொரு முறையும் ஈயம் வைத்துத் தருவார். ஒரு செட் தந்தி இப்ப 3,000 ரூபாய்க்குக் குறைய இல்லை. அதனால் அறுந்த தந்தியை மட்டும் மாற்றி, மிச்சத்தைத் துடைத்துத் துடைத்து வாசிக்கிறோம். அனுதாபம் தேடி இதைச் சொல்லவில்லை. நாங்கள் எங்கே நிண்டு கதைக்கிறோம் எண்டது உங்களுக்கு முதலிலேயே தெரிய வேணும்.

போன தைப்பொங்கலுக்கு எங்களில் ஒருவனின் மாமா ரொறன்ரோவில் இருந்து வீடியோ கோல் எடுத்தார். பேஸ்மென்றைக் காட்டினார். சுவர் முழுக்கக் கிற்றார். எண்ணினோம், பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் மேலே சின்ன லைற். ஈரப்பதம் பார்க்க ஒரு மீற்றர். ஒவ்வொன்றாகப் பேர், ஆண்டு, விலை சொல்லிக்கொண்டு போனார். "மாமா, ஒண்டை எடுத்து வாசிச்சுக் காட்டுங்கோவன்" எண்டு கேட்டோம். "தந்தி மாத்தி ரெண்டு வருசமாச்சு தம்பி" எண்டார். எங்களில் வாய் கொஞ்சம் நீளமானவள் கேட்டே விட்டாள்: "அங்கிள், உதில ஒண்டை எங்களுக்கு அனுப்பேலாதோ?" மாமா சிரிச்சார். "அந்த வெக்கைக்குக் கழுத்து வளைஞ்சிடும் பிள்ளை. பிறகு விலை போகாது."

விலை போகாது. அந்த ஒரு சொல்லோடதான் இந்தக் கட்டுரை தொடங்கியது. மாமா இதை வாசிப்பார். கோபிக்கவும் கூடும். அவரில் எங்களுக்கு மரியாதை இருக்கு, கோபமும் இருக்கு. இரண்டையும் எழுதுகிறோம்.

முதலில் இந்தச் சாமான் என்னவென்று பாருங்கள். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, தலைமயிரை விட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய ஒரு சுருள். மேலே உருக்குத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். மிச்சத்தை அம்ப் பார்த்துக்கொள்ளும். ஓ.எல். பௌதிகவியல் தாண்டாத விசயம். இதைப் பெரிய அளவில் விற்கக் காட்டிக்கொடுத்த லியோ ஃபெண்டர், கலிபோர்னியாவில் ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிற்றார் வாசிக்கவே தெரியாது. 1951 இல் டெலிகாஸ்டர் எண்டு பேர் வைத்த அவருடைய கிற்றாரின் கழுத்தை நாலு திருகாணியால் உடம்போடு பூட்டினார். பழுதானால் கழட்டு, வேறொன்றைப் பூட்டு, இரவைக்கு வேலைக்குப் போ. நடன மண்டபங்களில் கூலிக்கு வாசித்த ஆக்களுக்காகச் செய்த வேலைச் சாமான் அது. 1954 இல் ஸ்ட்ராற்றோகாஸ்டர் வந்தபோது விலை 249 டொலர் 50 சதம். அன்றைக்கு அதுவும் மலிவில்லைதான். ஆனால் லியோவும் எங்கட ரேடியோ ஐயாவும் சந்தித்தால் ஒரு மணித்தியாலத்தில் சிநேகிதராகிவிடுவார்கள் எண்டுதான் நினைக்கிறோம்.

1965 இல் சி.பி.எஸ். எண்ட பெரிய கொம்பனி 13 மில்லியன் டொலருக்கு ஃபெண்டரை வாங்கியது. அதற்குப் பிறகு தரம் குறைந்தது எண்டு வாசித்தவர்களே சொன்னார்கள், அதில் உண்மை இருக்கிறது. ஆனால் சேகரிப்பவர்கள் கையில் அந்த ஆண்டு ஒரு முத்திரையாகிவிட்டது. 'சி.பி.எஸ்.சுக்கு முந்தினது' எண்டால் ஒரு விலை, பிந்தினது எண்டால் வேறு விலை. கிற்றாரைக் காதால் பார்க்கிறதை விட்டுவிட்டுக் கழுத்தைக் கழட்டித் திகதி பார்க்கிற வழக்கம் இப்படித்தான் வந்தது.

இன்னும் விசித்திரமானது கிப்ஸன் லெஸ் போல் கதை. 1958 முதல் 1960 வரை மஞ்சளும் சிவப்பும் கலந்த சூரிய அஸ்தமன நிறத்தில் வந்த அந்தக் கிற்றார் சரியாக விற்கவில்லை. விற்காததால்தான் நிறுத்தினார்கள். 1961 இல் வேறு உருவம் வந்துவிட்டது. யாரும் வேண்டாம் எண்டு விட்ட சாமானை, சில வருடம் கழித்து லண்டனில் இருபது வயசுப் பெடியள் பாவிச்ச விலைக்கு வாங்கினார்கள். கீத் ரிச்சர்ட்ஸ் வாங்கினார், எரிக் கிளாப்டன் வாங்கினார், பிறகு ஜிம்மி பேஜ். கிளாப்டன் அதை அம்பில் முழுச்சத்தத்துக்குத் திருப்பி, 1966 இல் ஜோன் மேயலோடு ஒரு இசைத்தட்டுப் பதிந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகுதான் உலகம் அந்தக் கிற்றாரைத் தேடத் தொடங்கியது. இன்றைக்கு அதே ஆண்டுக் கிற்றார் இலட்சக்கணக்கான டொலர்.

இந்த விலையை உண்டாக்கியது ஆர்? மரமா? ஆண்டா? வாசித்த கைகள்தான். காசில்லாத பெடியள், விலை விழுந்த கிற்றாரை எடுத்து, அடித்து, வேர்வையில் ஊற வைத்து உண்டாக்கிய மதிப்பு அது. அதை இப்ப சேகரிப்பவர் வாங்கி, லைற்றுக்குக் கீழே மாட்டி, அடுத்த பெடியன் தொடமுடியாத விலைக்கு ஏற்றிவிடுகிறார். அங்கே இங்கிலாந்திலேகூட அடுத்த கிளாப்டனுக்கு அந்தக் கிற்றார் இல்லை. எங்கட சண்டை இதோடதான்.

சண்டைக்குள் போக முதல் ஒரு வாக்குமூலம். எங்களுக்கும் ஆசை இருக்கிறது, பொய் சொல்லேலாது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு யூரியூப்பில் பிக்கப் ஒப்பீட்டு வீடியோ பார்த்துக் குந்தியிருந்தவர்கள் நாங்கள். ஸ்ட்ராற்றோகாஸ்டரின் வளைவு வயிற்றில் வந்து பொருந்துகிறது ஒரு சுகம். இரட்டைச் சுருள் ஹம்பக்கரின் தடித்த சத்தம் வேறு, ஒற்றைச் சுருளின் கண்ணாடிச் சத்தம் வேறு. ஒரு கிற்றாரால் இரண்டையும் செய்ய முடியாது எண்டது நியாயமான கதைதான். இரண்டு வேணும். தந்தியை வேறு சுருதிக்கு இறக்கி வைக்க மூன்றாவதும் வேணும். வேலைக்குப் போகிற கலைஞரிடம் நாலு இருந்தால் நாங்கள் வாய் திறக்க மாட்டோம். ஐந்தாவதிலும் ஆறாவதிலும் எங்கேயோ கதை மாறுகிறது. எந்த எண்ணில் எண்டு எங்களால் சொல்லேலாது. கிற்றாருக்குத் தந்தி மாத்த மறந்துபோகிற நாளில் எண்டு மட்டும் சொல்லலாம்.

அந்த ஆசையை எப்படி விற்கிறார்கள் எண்டதற்கு ஒரு உதாரணம். கிளாப்டன் 1970 இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் சில பழைய ஸ்ட்ராற்றோகாஸ்டர்களை வாங்கினார். அப்ப அவற்றை ஆரும் பெரிதாகக் கேட்பதில்லை. சிலதைச் சிநேகிதருக்குக் கொடுத்தார். மிஞ்சிய மூன்றைக் கழட்டி நல்ல பாகங்களை எடுத்து ஒன்றாகப் பூட்டினார். 'பிளாக்கி' எண்டு பேர். வருடக்கணக்காக அதைத்தான் வாசித்தார். 2004 ஏலத்தில் அது 9,59,500 டொலருக்குப் போனது. அந்தக் காசு அவர் தொடங்கிய போதைப்பழக்க மறுவாழ்வு நிலையத்துக்கு. அதில் குறை இல்லை. வாங்கியது ஒரு கிற்றார் கடைச் சங்கிலி. 2006 இல் அதற்கு 275 நகல் வந்தது, ஒன்று 24,000 டொலர். ஒவ்வொரு கீறலும் அப்படியே. தந்தித் தலைப்பில் கிளாப்டன் சிகரெட் செருகிச் சுட்ட கறுப்பு அடையாளமும் அப்படியே. ஒருத்தன் கைவசம் இருந்ததைப் பொறுக்கிப் பூட்டிய சாமானைப் பார்த்து, தொழிற்சாலையில் 275 தரம் சிகரெட் தழும்பு வைக்கிறார்கள். இதைவிடப் பகிடி வேறென்ன?

இது ஒருநாள் கூத்தும் இல்லை. 'ரெலிக்' எண்டு இப்ப ஒரு முழு வகையே விற்பனையில் இருக்கிறது. புதுக் கிற்றாரைத் தொழிலாளி தேய்த்து, பெயின்ற் கழட்டி, இரும்பைத் துருப்பிடிக்க வைத்து, கூட விலைக்குத் தருகிறார். பெரிய கொம்பனிகளின் அந்த ரகம் 4,000 டொலருக்கு மேல். டொலர் 300 ரூபாய் எண்டு பிடித்தால் 12 இலட்சம். 2025 இல் மஹாபொலவை 7,500 ஆக்கினார்கள். 160 தவணை மஹாபொலக் காசு. எங்கட கிற்றார் சும்மாவே அந்தக் கோலத்தில்தான் கிடக்குது, ஆரும் வேணுமெண்டால் அதே விலைக்குத் தரலாம்.

செலவு காசோடு நிற்கவும் இல்லை. பழைய கிற்றார்களின் விரற்பலகைக்குப் போட்ட பிரேசில் ரோஸ்வூட்டை வெட்டி வெட்டியே முடித்ததால், 1992 இல் அதன் சர்வதேச வணிகத்தைத் தடை செய்ய வேண்டி வந்தது. மடகாஸ்கர் கருங்காலி விவகாரத்தில் 2012 இல் கிப்ஸன் 3 இலட்சம் டொலர் தண்டம் கட்டியது. கருங்காலி எண்டால் எங்கட நாட்டுக்கும் தெரியும். குடியேற்றக்காரர் வெட்டி ஏத்தின தளபாடங்கள் இன்றைக்கும் ஐரோப்பிய நூதனசாலைகளில் இருக்கு.

மறுபக்கத்து ஆக்கள் சொல்வதையும் கேட்போம். "சேகரிக்கிற ஆக்கள் இல்லாட்டி இந்தக் கிற்றார் எல்லாம் எப்பவோ விறகாய்ப் போயிருக்கும்." பாதி உண்மை. ஒரு சில அருமையான கருவிகளை ஆராவது பாதுகாக்கத்தான் வேணும், அதற்கு நூதனசாலை இருக்கிறது. பிங்க் ஃபுளொய்டின் டேவிட் கில்மோர் 2019 இல் தன் கறுப்பு ஸ்ட்ராற்றோகாஸ்டரை ஏலம் விட்டார், 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலர். காசு முழுக்கக் காலநிலைக்காக வழக்காடுகிற அமைப்புக்கு. வாங்கிய ஜிம் அர்சே அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் இலவசமாகக் காட்டினார், மேடையிலும் வாசிக்க விட்டார். அந்த மனுசனோடு எங்களுக்குச் சண்டை குறைவு. ஆனால் உலகத்தில் அப்படி எத்தனை பேர்? மற்ற ஆயிரம் பேர் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு 'முதலீடு' எண்டு சொல்கிறார்கள். முதலீடு எண்டால் காணி வாங்குங்கோ, அங்க ஒருத்தரும் பாட்டுக் கேட்க வரப்போறதில்லை.

"என்ர காசு, என்ர விருப்பம்" எண்டதுக்கு எங்களிடம் பதில் இல்லை. விருப்பத்தைத் தடுக்க நாங்கள் ஆர்? விமர்சிக்கலாம்தானே.

மாமாவுக்கு வருவோம். அவரை நாங்கள் இலேசில் விடமுடியாததற்குக் காரணம் இருக்கிறது. அவர் எண்பதுகளின் கடைசியில் ஊரில் ஒரு இசைக்குழுவில் வாசித்தவர். ஜப்பானில் செய்த ஒரு கிற்றார் வைத்திருந்தார், பேர்கூட இப்ப ஞாபகம் இல்லையாம். 1990 இல் யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றது. பற்றரி தடை செய்த சாமான். சனம் சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோவில் செய்தி கேட்ட காலம். கரண்ட் இல்லாத எலெக்ட்ரிக் கிற்றார் எண்டால் சத்தமே வராத பலகை. மாமா என்ன செய்தார் தெரியுமோ? கிற்றாரின் கொம்பை அலுமாரிக் கதவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசிப்பாராம். அதிர்வு மரத்துக்குள் இறங்கி அலுமாரி பாடுமாம். அம்மம்மா "சீலையெல்லாம் அதிருது" எண்டு பேசுவாவாம். ஐந்து வருசம் அப்படி வாசித்த கிற்றாரை 1995 ஒக்டோபர் 30 இரவு, முழு யாழ்ப்பாணமும் சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது, அதே அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டார். திரும்பி வந்து பார்த்தவர்கள் அலுமாரியே இல்லை எண்டார்கள்.

இதை மாமா சொன்னது அந்த வீடியோ கோலில்தான், கடைசியில். பதினொன்றும் அந்த ஒன்றைத் தேடி வாங்கியதாம். எங்களுக்குக் கொஞ்ச நேரம் கதை வரவில்லை. புலம்பெயர்ந்த எங்கட சனம் வீடு, நகை, கார் எண்டு சேர்க்கிறதுக்குப் பின்னாலும் இப்படி ஏதோ ஒரு பூட்டின அலுமாரி இருக்கும் எண்டு விளங்குது. ஆனாலும் மாமா, கரண்ட் இல்லாத ஊரில அலுமாரியைப் பாட வைச்ச நீங்கள், இருபத்திநாலு மணித்தியாலமும் கரண்ட் இருக்கிற வீட்டில பதினொன்றை ஊமையா வைச்சிருக்கிறீங்கள். அதுதான் எங்களுக்குத் தாங்கேலாமல் கிடக்குது.

2022 இல் டொலர் 360 தாண்டினபோது எங்கட சீனியர் ஒருத்தர் போடிங் காசு கட்டத் தன்ர கிற்றாரை வித்தவர். வாங்கினவர் கொழும்பில் ஒரு வசதியான பெடியன், அவருக்கு அது ஏழாவது. சீனியர் அதற்குப் பிறகு வாசிக்கவே இல்லை. இப்ப பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறார். எங்கட கலைப்பீடத்தில் கிற்றார் பழக விருப்பமான பிள்ளைகள் எத்தனையோ பேர். அதிலும் பெண்பிள்ளைகளுக்கு வீட்டில் கேட்டாலே "உதென்ன பழக்கம்" எண்ட பேச்சு. அவர்களுக்கு முதலில் தேவை மடியில் வைக்க ஒரு கருவி, நல்லதோ கூடாததோ.

குயினின் பிரையன் மே 1963 இல் தகப்பனோடு சேர்ந்து தன் கிற்றாரைத் தானே செய்யத் தொடங்கினார். கழுத்துக்குக் கணப்பு அடுப்பின் பழைய மரச்சட்டம், அதிரவைக்கிற பிடிக்கு மோட்டர்சைக்கிள் சுருள்வில், நுனிக்குத் தாயின் பின்னல் ஊசி. ஃபெண்டர் வாங்கக் காசில்லாததால் செய்தது. அதைத்தான் வாழ்நாள் முழுக்க வாசிக்கிறார். இதைப் படித்துவிட்டு நாங்களும் ஒன்று செய்யப் போய், பலாப்பலகையில் கழுத்து வெட்டி, அது முறிந்து, தச்சு ஐயாவிடம் பேச்சு வாங்கியது வேறு கதை.

இப்ப எங்களிடம் ஒரு கொப்பி இருக்கிறது. ஐந்து பேரின் கிற்றாரைத் தேவையானவர்களுக்கு ஒரு கிழமைக்குக் கொடுக்கிறோம், எடுப்பவர் பேர் எழுத வேணும். தந்தி அறுந்தால் அறுத்தவர் வாங்கிப் போட வேணும். பாவிக்காமல் கிடக்கிற கிற்றார் ஆரிட்டையும் இருந்தால், விற்கவும் வேண்டாம், தானம் தரவும் வேண்டாம், கொப்பியில் சேருங்கோ. கழுத்து வளைஞ்சால் திருகாணியைத் திருப்பி நிமிர்த்த எங்களுக்குத் தெரியும். மாமாவிடமும் திரும்பக் கேட்டோம். "யோசிப்பம்" எண்டார். இரண்டு கிழமைக்குப் பிறகு ஆறு செட் தந்தி பார்சலில் வந்தது. கிற்றார் இன்னும் வரவில்லை. எங்கட கிற்றார் வாற செவ்வாய்க்கிழமை வரைக்கும் முதலாம் வருசப் பிள்ளை ஒருத்தியிட்டை நிக்குது.