நண்பகல் இசையரங்கு

இலண்டன் மாநகரின் நடுவே ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்புள்ள பழம்பகுதி ஒன்று உண்டு. வங்கிகளும் வணிக மனைகளும் நெருங்கி நிற்கும் அவ்விடத்தில் இரவில் தங்குவோர் மிகச் சிலர். 2021ஆம் ஆண்டின் குடிமதிப்புப்படி அவர்தம் தொகை ஒன்பதாயிரத்தை எட்டவில்லை. அங்குப் பணிபுரிவோரோ ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். குடிகள் இவ்வளவு குறைந்த நிலத்தில் தேவாலயங்கள் மட்டும் தெருவுக்குத் தெரு நிற்பானேன்? 1666ஆம் ஆண்டில் மூண்ட பெருந்தீ 87 ஆலயங்களை எரித்தது. கிறிஸ்டோபர் ரென் என்னும் கட்டடக் கலைஞரின் பொறுப்பில் ஐம்பதுக்கு மேற்பட்டவை மீண்டும் எழுந்தன. பின்னர்க் குடிகள் பெயர்ந்தனர். ஆலயங்களுள் பல நிலைத்து நின்றன.

அவ்வாலயங்கள் சிலவற்றிலும், நகரின் பிற பகுதிகளில் உள்ளனவற்றிலும், வாரநாள்களின் நண்பகலில் இன்னிசை எழுகின்றது. ஒரு மணியளவில் தொடங்கி முக்கால் மணி நேரத்தில் அது முடிந்துவிடும். அலுவலர்க்குரிய உணவு இடைவேளை அவ்வளவே அன்றோ? கட்டணம் இல்லை. எழுத்தரும், கடைப் பணியாளரும், வழிப்போக்கரும் ஒரே விசிப்பலகையில் அமர்ந்து பாக், மோசார்ட் முதலியோரின் படைப்புகளைக் கேட்கின்றனர். வாசிப்போருட் பலர் இசைக் கல்லூரிகளில் பயில்வோரும், அண்மையில் பயின்று வெளிவந்தோருமே ஆவர்.

கட்டணமின்றி ஆலயத்தில் இசை வழங்கும் வழக்கம் புதியதன்று. ஜெர்மனி நாட்டு லூபெக் நகரில், மரியன்னை ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர் பிரான்ஸ் துண்டர். வணிகக் கூடம் திறக்குமளவும் காத்திருக்கும் வணிகர்க்கு அவர் பதினேழாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இசை வழங்கினார் என்பர். 1668இல் அவர்க்குப் பின்வந்த புக்ஸ்டெஹூட அதனைப் பெருவிழாவாகவே வளர்த்தார். கேட்போர் ஒன்றும் தரவேண்டுவதில்லை. செலவை வணிகர் தாங்கினர். அப்புகழ் கேட்டு, 1705ஆம் ஆண்டில் இருபது வயது இளைஞராகிய பாக், ஆர்ன்ஸ்டாட் என்னும் ஊரிலிருந்து நானூறு கிலோமீட்டர் நடந்தே அங்குச் சென்றார். நான்கு வார விடுப்புப் பெற்றவர் நான்கு மாத அளவு தங்கிவிட்டார். மீண்டபொழுது மேலோர் சினந்தது இயல்பே. ஆயினும் அத்தாமதத்தால் உலகுக்கு இழப்பு நேர்ந்ததென்று இன்று எவரும் கூறார்.

இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் இலண்டன் இசையரங்குகள் மூடப்பட்டன. தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியங்களும் பாதுகாப்பான இடத்திற்கு அகற்றப்பட்டன. வெறுஞ்சுவர்கள் நின்ற அக்கூடத்தில், மைரா ஹெஸ் என்னும் பியானோக் கலைஞர் 1939 அக்டோபர் 10ஆம் நாள் நண்பகல் இசையைத் தொடங்கினார். 1946 ஏப்ரல் வரை 1,698 அரங்குகள் நிகழ்ந்தன. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கேட்டனர். குண்டு விழும் நாள்களில் இசை நிலவறைக்கு இறங்கியதேயன்றி நின்றதில்லை. தேனும் உலர்திராட்சையும் இட்ட ரொட்டித் துண்டுகள் அங்கு விற்கப்பட்டன என்பதும் நினைக்கத்தக்கது. செவிக்கும் வயிற்றுக்கும் ஒருங்கே உணவு! அங்கு நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். பெரும்பாலோர்க்கு எளிதே எனினும், இலவசம் அன்று.

இலவசமாகக் கிடைப்பதை மக்கள் மதியார் என்று சிலர் கூறுவர். இக்கூற்று ஆராயாது எழுந்தது. நூல்நிலையத்திலிருந்து இலவசமாகப் பெற்ற நூலை ஒருவன் கண்விழித்துப் படிப்பதில்லையா? உயர்ந்த இசை செல்வர்க்கே உரியது என்னும் அச்சத்தால் வாயிலிலேயே நின்றுவிடுவோர் பலர். சீட்டும் இல்லை, உடைக் கட்டுப்பாடும் இல்லை என்றால், அவர்களும் உள்ளே அடிவைப்பர். பிடிக்கவில்லையேல் எழுந்து போகலாம். அந்த உரிமையே பலரை உள்ளே இருத்துகின்றது.

மற்றொரு தடை உண்டு. அதனை எளிதில் தள்ள இயலாது. கேட்போர்க்கு இலவசம் என்பது சரி; வாசிப்போனும் இலவசமாக வாசிக்க வேண்டுமா? சில இடங்களில் இளங்கலைஞர்க்கு வழிச்செலவேனும் கிடைப்பது அரிது. அவையோர்முன் வாசிக்கும் பயிற்சியே ஊதியம் என்று கூறிவிடுகின்றனர். பயிற்சி நன்றே; ஆனால் அதனை உண்டு பசியாற முடியாது. ஊதியமின்றி நெடுங்காலம் உழைக்க வல்லவர் செல்வர் மக்களே. வறியவன் பிள்ளை இரண்டோர் ஆண்டில் வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டு வேறு தொழில் தேடுவான். எளியோர் கேட்பதற்காகத் திறந்த கதவு, எளியோர் வாசிப்பதற்கு அடைபட்டுவிடலாகாது.

லூபெக் நகரத்தார் இதனை உணர்ந்திருந்தனர். இசை இலவசமாயினும் கலைஞர்க்குக் கொடை சென்றது. கொடை குறைந்தபொழுது புக்ஸ்டெஹூட வணிகர்க்கு மடல் எழுதி வேண்டத் தயங்கவில்லை. இன்றைய ஆலயங்களிலும் வாயிலருகே காணிக்கைத் தட்டு வைக்கப்படுகின்றது. நாணயம் கொண்டு செல்வோர் அருகிவிட்டமையால், வங்கி அட்டையை ஏற்கும் சிறு கருவியையும் சில ஆலயங்கள் அதனருகே வைத்துள்ளன. உயர்ந்த சம்பளம் பெறும் வங்கி அலுவலர் ஒருவர், தம் நண்பகல் ரொட்டிக்குக் கொடுக்கும் விலையை அங்கும் இடலாம். வேலையின்றித் திரிவோர் ஒன்றும் இடாமலே கடந்து போகலாம்.