அப்பா ‘பரவாயில்ல’ என்றால் நர்ஸிடம் என்ன சொல்வோம்?

வீட்டில் ஒருவருக்கு பைபாஸ் என்று முடிவானதும் நாம் கேட்கும் கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரிதான். எத்தனை அடைப்பு? எந்த டாக்டர்? எத்தனை மணி நேரம் ஆகும்? எப்போ வீட்டுக்கு விடுவாங்க? ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்கு என்ன திட்டம் என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நெஞ்சைத் திறந்தா வலிக்கத்தானே செய்யும், பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கணும் என்பது நம்ம ஆட்களின் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு. அதில் நஷ்டப்படுவது நம் பெற்றோரின் நுரையீரல்.

வழக்கமான பைபாஸில் நடு மார்பெலும்பை நீளவாக்கில் அறுத்து, நெஞ்சுக்கூட்டை விரித்து, வேலை முடிந்ததும் கம்பியால் கட்டுகிறார்கள். முதல் இரண்டு மூன்று நாள்தான் வலி உச்சத்தில் இருக்கும். அதற்குப் பயந்து நோயாளி ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார், இருமலையும் அடக்குவார். சளி உள்ளேயே தங்கும். நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது. நிமோனியாவுக்கு அது வழி விடும். எழுந்து நடப்பதும் தள்ளிப்போகும்.

இதற்குக் காலங்காலமாகக் கொடுப்பது மார்ஃபின் வகை மருந்துகள். வலி குறையும், மறுக்கவில்லை. ஆனால் குமட்டல், மலச்சிக்கல், அரைத்தூக்கம் எல்லாம் கூடவே வரும். அளவு கூடினால் மூச்சே மந்தமாகும். வயதானவர்களுக்கு மனக்குழப்பமும் வரலாம். அதனால்தான் நெர்வ் பிளாக் பற்றி இப்போது அதிகம் பேசுகிறார்கள். ஐ.டி.காரன் பாஷையில் சொன்னால், மார்ஃபின் மொத்த சிஸ்டத்தையும் ஸ்லோ பண்ணும். நெர்வ் பிளாக், மார்பிலிருந்து வரும் சில கேபிள்களை மட்டும் கொஞ்ச நேரம் கழற்றி வைக்கும்.

முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் போடும் எபிட்யூரல் ஊசி பழைய முறைதான். ஆனால் இதய ஆபரேஷனில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் நிறையக் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் அங்கே ரத்தம் கசிந்து கட்டினால் தண்டுவடத்தை அழுத்திவிடும். அபூர்வம்தான், ஆனால் நடந்தால் கால் செயலிழக்கலாம். அதனால் பல டாக்டர்கள் தயங்கினார்கள். இப்போது அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடியே, தசை அடுக்குகளுக்கு நடுவில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துகிறார்கள். மார்பெலும்பின் இரு ஓரத்திலும் போடுவது ஒரு வகை. முதுகுப் பக்கம் போடும் எரெக்டர் ஸ்பைனே பிளாக் இன்னொன்று. இது 2016-ல்தான் மருத்துவ இதழில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. ஒரு ஊசி ஏறக்குறைய அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை தாங்கும். மெல்லிய குழாய் வைத்தால் இன்னும் நீட்டிக்கலாம்.

இதை மந்திரம் என்று நினைக்க வேண்டாம். மார்பு ஓரத்தில் போடும் பிளாக், கீழே செருகியிருக்கும் டிரெயின் குழாயின் வலியை அவ்வளவாகத் தடுக்காது. ரத்தக்குழாய் எடுத்த காலின் வலிக்கும் அது உதவாது. பாராசிட்டமாலும் கொஞ்சம் மார்ஃபினும் கூடவே தேவைப்படும். முதல் நாள் வலியும் மார்ஃபின் தேவையும் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டினாலும், எல்லா ஆய்வும் ஒரே முடிவைச் சொல்லவில்லை. எல்லா ஆஸ்பத்திரியிலும் இதற்குப் பழகிய டாக்டர் இருப்பார் என்றும் இல்லை. யாருக்கு ஒத்துவரும் என்பதை அனஸ்தீசியா டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் நாம் கேட்டால்தான் அந்தப் பேச்சே தொடங்கும்.

எந்த ஊசி போட்டாலும், வலி எவ்வளவு என்று நோயாளி சொன்னால்தான் அடுத்த மருந்து வரும். நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். என் அப்பாவுக்கு இங்கே இங்கிலாந்தில் ஆபரேஷன் ஆனபோது, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி என்று நர்ஸ் கேட்டார். “பரவாயில்லம்மா, நீ போய் மத்தவங்களைப் பாரு” என்றார் அப்பா. அசையாமல் படுத்திருக்கும்போது இரண்டு, இருமும்போது எட்டு என்பது இரண்டு முறை தனித்தனியாகக் கேட்ட பிறகுதான் வந்தது. குணமாவதற்கு முக்கியமான எண் அந்த எட்டுதான்.

குத்துது, எரியுது, கடுக்குது, இழுக்குது, விண்விண்ணுன்னு தெறிக்குது என்று வலிக்குத் தமிழில் எத்தனை சொற்கள்! எல்லாவற்றையும் ‘பெயின்’ என்ற ஒரே டப்பாவில் போட்டு நர்ஸிடம் நீட்டுகிறோம். எரிச்சல் நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். நெஞ்சை அமுக்குது, இறுக்குது என்றால் உடனே டாக்டருக்குத் தெரிய வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இந்தச் சொற்களைத் தாத்தா பாட்டியிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொண்டால் நல்லது. என்.எச்.எஸ். ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்பாளர் இலவசம். தயங்காமல் கேளுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. வலி மருந்துக்கான பட்டனை நோயாளியின் கையில் கொடுத்திருந்தால் அதை அவர் மட்டும்தான் அழுத்த வேண்டும். தூங்குகிறவருக்காகப் பாசத்தில் நாம் அழுத்தினால் மூச்சு அடங்கும் ஆபத்து உண்டு. அடுத்தது, ஊரிலிருந்து சூட்கேஸில் வந்த வலி மாத்திரைகள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகளை பைபாஸ் ஒட்டிய வலிக்குக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்து லேபிளிலேயே போட வைத்திருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள்.

தெற்காசியர்களான நமக்கு இதய நோய் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகிறது. இந்தக் கேள்விகள் பல வீடுகளுக்கு வரும். ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைக்குப் போகும்போது மூன்றை எழுதி எடுத்துப் போங்கள்: நெர்வ் பிளாக் இவருக்குச் சரிப்படுமா? அதன் வேகம் குறைந்ததும் அடுத்து என்ன மருந்து? ராத்திரி வலி கூடினால் யாரைக் கூப்பிடுவது? அப்புறம் அப்பாவிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: வலிக்குதுன்னு சொல்றது யாருக்கும் தொந்தரவு இல்லப்பா, அதைக் கேட்கத்தான் அந்த நர்ஸ் அங்கே நிக்கிறாங்க.