எதிராளிக்காகச் சாட்சி சொன்னவர்



பத்துக் கட்டளைகளுள் எட்டாவது, அயலவருக்கு எதிராகப் பொய்ச்சாட்சி கூறுவதை விலக்குகின்றது. சிறு வயதில் மறைக்கல்வி வகுப்பில் இதனை மனனம் செய்த நம்மிற் பலர், இது நீதிமன்றக் கூண்டில் ஏறி நிற்பவர்களுக்கான கட்டளை என்றே எண்ணி வந்திருக்கின்றோம். ஆனால், இன்று அந்தச் சாட்சிக்கூண்டு ஒவ்வொரு வீட்டிற்குள்ளும் வந்துவிட்டது. கைத்தொலைபேசியை எடுத்து ஓர் அரசியல் தலைவரைப் பற்றியோ, ஒரு கட்சியைப் பற்றியோ, நம் கருத்துக்கு மாறான கருத்தை எழுதிய முன்பின் அறியாத ஒருவரைப் பற்றியோ நாம் எழுதும் ஒவ்வொரு வரியும், அயலவரைப் பற்றி நாம் உலகத்தின் முன் கூறும் சாட்சியமே ஆகும். அந்தச் சாட்சியம் உண்மையானதா என்பதைச் சிந்திக்க நம்மில் எத்தனை பேர் ஒரு கணம் தாமதிக்கின்றோம்?

இணையத்தில் நிகழும் கருத்துப் போர்கள் இன்று தோன்றியவை அல்ல. பொதுமக்கள் இணையத்தைக் கண்டறியுமுன்னரே, அதனை உருவாக்கிய கணனித் துறையினர் தம்மிடையே கடுமையாக வாதிட்டுக்கொண்டனர். அவற்றுள் பெயர் பெற்ற ஒரு வாதம், குடும்பமாகக் கூடியிருந்து நாம் சிந்திப்பதற்கு ஏற்ற பாடங்கள் பலவற்றைத் தன்னகத்தே கொண்டுள்ளது.

நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாம் நகரில் பல்கலைக்கழகப் பேராசிரியராகப் பணியாற்றியவர் அன்ட்ரூ டனென்பாம். கணனியின் உறுப்புகள் அனைத்தையும் ஆண்டு நடத்தும் இயங்குதளம் எவ்வாறு செயற்படுகின்றது என்பதை மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காக, 1987ஆம் ஆண்டில் அவர் 'மினிக்ஸ்' என்ற சிறியதோர் இயங்குதளத்தை எழுதி, அதனை விளக்கும் பாடநூலையும் வெளியிட்டார். அந்த நூலைக் கற்றவர்களுள் ஒருவர், பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ். தமது கணனியில் மினிக்ஸை நிறுவி, அதிலிருந்தவாறே புதியதோர் இயங்குதளத்தை எழுதத் தொடங்கிய அவர், 1991 ஆகஸ்ட் 25ஆம் திகதி மினிக்ஸ் பயனாளர்களுக்கு அதனை இணையம் வழியாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. 'லினக்ஸ்' என்ற பெயரில் உலகம் பின்னர் அறிந்தது அதனையே. நம்மிற் பலருடைய கைகளில் இருக்கும் அன்ட்ரொய்ட் தொலைபேசிகளின் உட்கருவும் அந்த லினக்ஸே ஆகும்.

1992 ஜனவரி 29ஆம் திகதி, பேராசிரியர் டனென்பாம் லினக்ஸின் அமைப்பு காலாவதியாகிவிட்ட ஒன்று என்று பகிரங்கமாக எழுதினார். இயங்குதளத்தின் முக்கிய பணிகள் அனைத்தையும் ஒரே பெரும் தொகுதியாகக் கட்டுவது பழைய முறை. மையப் பகுதியைச் சிறிதாக வைத்துக்கொண்டு ஏனைய பணிகளைத் தனித்தனியாகப் பிரித்து அமைப்பதே எதிர்காலத்திற்குரிய முறை என்பது அவரது வாதம். பிரித்து அமைத்தால் ஒரு பகுதியில் ஏற்படும் பழுது முழுவதையும் வீழ்த்தாது. ஆனால் பகுதிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாற வேண்டியிருப்பதால் வேகம் குறையக்கூடும். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. எனினும் வாதம் அந்த அளவில் நிற்கவில்லை. லினஸ் தமது மாணவராக இருந்திருந்தால் இத்தகைய வடிவமைப்புக்கு உயர்ந்த புள்ளிகள் கிடைத்திரா என்று பேராசிரியர் குறிப்பிட்டார். அதற்கு முன்னரே 22 வயது இளைஞரின் தன்மானம் புண்பட்டிருந்தது. மினிக்ஸின் குறைகளை அடுக்கி, அதனை எழுதியவரையும் சாடிப் பதில் எழுதியிருந்தார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது மறுநாள் நடந்ததையே. இளைஞரின் பதிலைப் படித்த ஒருவர், இவ்வாறு எழுதுவது முறையன்று என்று அவருக்கு நட்போடு தனிப்பட எடுத்துரைத்தார். லினஸ் அதனை ஏற்றுக்கொண்டார். தாம் அளவு மீறிச் சினந்துவிட்டதாக எல்லோரும் காண எழுதி, பேராசிரியரிடம் மன்னிப்புக் கோரினார். அறிவுரை கூறியவருக்கு நன்றியும் தெரிவித்தார். சபையில் சொன்ன கடுஞ்சொல்லுக்குச் சபையிலேயே மன்னிப்புக் கேட்டார். பகிரங்கமாக இகழ்ந்துவிட்டு இரகசியமாக வருந்துவது எளிது. இவர் அந்த எளிய வழியைத் தேடவில்லை. தவறு செய்த சகோதரரை முதலில் தனியே சந்தித்துத் திருத்த வேண்டும் என்று நம் ஆண்டவர் கற்பித்ததை மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். அந்தக் கட்டளை கணனித் திரையின் முன்னும் பலன் தரும் என்பதற்கு அந்த நண்பரின் கடிதம் சான்றாகின்றது.

ஆண்டுகள் பன்னிரண்டு கடந்தன. லினக்ஸ் உலகெங்கும் பரவியது. எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய மென்பொருளை அரசாங்கங்கள் பயன்படுத்தலாமா என்பது பல நாடுகளில் அரசியல் வாதமாகவும் உருவெடுத்தது. 2003இல் லினக்ஸின் உரிமையைச் சார்ந்த பெரும் வழக்கொன்று அமெரிக்காவில் ஆரம்பமாகியிருந்தது. இச்சூழலில், 2004ஆம் ஆண்டில் அந்நாட்டின் கொள்கை ஆய்வு நிறுவனம் ஒன்று, லினஸ் லினக்ஸைத் தாமாக எழுதியிருக்க முடியுமா என்ற ஐயத்தைக் கிளப்பும் நூலொன்றைத் தயாரித்தது. மினிக்ஸிலிருந்து எடுத்திருப்பாரோ என்பதே அந்த ஐயம். நூலாசிரியர் அதற்காகவே அம்ஸ்டர்டாம் சென்று டனென்பாமைச் சந்தித்தார்.

வாசகர்களே, அந்த இடத்தில் நம்மை வைத்து எண்ணிப் பாருங்கள். உங்களைப் பலர் முன்னிலையில் எதிர்த்துப் பேசிய ஒருவர். உங்கள் மாணவர் வயதுடையவர். உங்கள் நூலைக் கற்று எழுந்து, உங்கள் படைப்பையே மறைத்துவிடும் அளவுக்குப் புகழடைந்தவர். இப்போது அவரது நேர்மையை ஐயுற்று ஒருவர் உங்கள் வாசலுக்கே வருகின்றார். நீங்கள் பொய் சொல்லவும் தேவையில்லை. ஒரு சிறு தயக்கம், ஒரு பெருமூச்சு, "யாருக்குத் தெரியும்?" என்ற ஒரு சொல் போதும்.

டனென்பாம் அதனைச் செய்யவில்லை. 2004 மே மாதத்தில், லினஸ் தமது இயங்குதளத்தைத் தாமே எழுதினார், அது மினிக்ஸிலிருந்து திருடப்பட்டதன்று என்று ஐயத்திற்கிடமின்றிப் பகிரங்கமாக எழுதினார். அதே வேளையில், வடிவமைப்புப் பற்றிய தமது பழைய கருத்தையும் அவர் கைவிடவில்லை. இதுவே நாம் ஆழ்ந்து நோக்க வேண்டியது. கருத்தில் எதிர்த்து நின்றவர், உண்மையில் அவருக்குத் துணை நின்றார். உண்மையைச் சொல்வதற்காகத் தம் கொள்கையை விட்டுக்கொடுக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. கொள்கையைக் காப்பதற்காக உண்மையை மறைக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இந்த வாதத்தில் வென்றவர் யார் என்று கேட்பீர்களாயின், அதற்கும் நேரான விடையில்லை. லினக்ஸ் உலகை நிறைத்தது உண்மை. ஆயினும், இன்டெல் நிறுவனத்தின் கணனிச் சில்லுகளில் மறைவாக இயங்கும் ஒரு பகுதியில் மினிக்ஸே பயன்படுத்தப்பட்டிருந்தது என்பது 2017இல் பரவலாகத் தெரிய வந்தது. ஒரே கணனியில் எதிரும் புதிருமான இரு கருத்துகளும் அருகருகே பணி செய்துகொண்டிருந்தன. நாம் இன்று உயிரைக் கொடுத்து வாதிடும் பல விடயங்களைக் காலம் இவ்வாறே அமைதியாகத் தீர்த்துவைக்கும். வாதத்தின்போது நாம் உதிர்த்த சொற்களோ தைத்த இடத்திலேயே தங்கிவிடும்.

லினஸின் வாழ்வும் இதற்குச் சான்றாகும். இளமையில் ஒரே நாளில் மன்னிப்புக் கேட்ட அவர், பிற்காலத்தில் தம்மோடு பணியாற்றியவர்களைக் கடுஞ்சொற்களால் தாக்குபவர் எனப் பெயர் பெற்றார். தரம் குறைந்த வேலையைக் கண்டிப்பதாக எண்ணி, வேலை செய்தவரையே இகழ்வது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. இறுதியில், 2018 செப்டெம்பர் 16ஆம் திகதி, தமது மின்னஞ்சல்களில் பிறரைத் தாக்கியமை தகாத செயல் என ஏற்று, புண்பட்டவர்களிடம் மன்னிப்புக் கோரினார். பிறருடைய உணர்வுகளைப் புரிந்துகொள்வதற்கு உதவி நாடப்போவதாகக் கூறித் தற்காலிகமாகப் பணியிலிருந்து ஒதுங்கி, அடுத்த மாதத்தில் திரும்பினார். ஒருமுறை மன்னிப்புக் கேட்டவர் என்றென்றைக்கும் திருந்திவிடுவதில்லை என்பதையும், நீண்ட காலப் பழக்கத்திலிருந்தும் மனிதர் திரும்பி வர இயலும் என்பதையும் இது ஒருங்கே உணர்த்துகின்றது. ஒப்புரவு அருட்சாதனத்தை நாடித் திரும்பத் திரும்பச் செல்லும் நமக்கு இது புதிய செய்தியன்று.

புனித லொயோலா இஞ்ஞாசியார் தமது ஆன்மிகப் பயிற்சிகளின் தொடக்கத்திலேயே ஒரு நெறியை வகுத்துள்ளார். பிறர் கூறியதைத் தவறெனக் கண்டிக்க முந்துவதைவிட, அதற்கு நல்ல பொருள் கொள்ளவே முந்த வேண்டும். இயலாவிடின் அவர் என்ன பொருளிற் கூறினார் என்று அவரையே கேட்க வேண்டும். அவர் தவறியிருப்பின் அன்போடு திருத்த வேண்டும் என்பது அதன் கருத்து. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், எட்டாம் கட்டளையை விளக்கும் பகுதியில் இந்நெறியை எடுத்தாள்கின்றது. புனித தோமஸ் அக்குவினாரும், தமது பெருநூலில் ஒவ்வொரு வினாவிலும் எதிர்த்தரப்பின் வாதங்களையே முதலில் எடுத்துரைத்து, அதன் பின்னரே தமது விடையைக் கூறுகின்றார். எதிராளியின் வாதத்தை அவரே ஏற்கும் விதத்தில் எடுத்துச் சொல்ல இயலாதவருக்கு, அதனை மறுக்கும் தகுதி இன்னும் வரவில்லை.

இவை கற்றோருக்கு மட்டும் உரிய நெறிகள் என்று எண்ணிவிடலாகாது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்ப்புப் பெருவிழாவன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் ஆலயங்களில் சிந்தப்பட்ட இரத்தத்தை நாம் மறக்கவில்லை. அந்தத் துயரமும் அச்சமும் ஆறாதிருந்த வேளையில், மே 12ஆம் திகதி, சிலாபத்தில் முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய சில சொற்கள் அச்சுறுத்தலாகப் பொருள் கொள்ளப்பட்டன. என்ன பொருளில் எழுதினீர் என்று கேட்டறியக் காத்திருக்காத கூட்டம் கூடியது. கடைகள் மீதும் பள்ளிவாசல் மீதும் கற்கள் வீசப்பட்டன. ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மறுநாள் வடமேல் மாகாணத்தின் வேறு பல இடங்களுக்கும் வன்முறை பரவி, ஓர் உயிரும் பலியானது. ஒரு வரிக்கு நல்ல பொருள் கொள்ள மறுப்பதன் விலை எவ்வளவு என்பதை நம் நாடு அறியும். நெருப்புப் பொறி ஒன்று பெருங்காட்டையும் எரிக்கும் என்று நாவைப் பற்றி யாக்கோபு தமது திருமுகத்தில் எச்சரிப்பது, இன்று நம் விரல் நுனிகளுக்கும் பொருந்துவதாகும்.

அப்படியாயின், கிறிஸ்தவர் வாதிடவே கூடாதா? அவ்வாறன்று. அநீதி கண்டும் மௌனம் காப்பதும் பொய்ச்சாட்சியின் இன்னொரு வடிவமே. அரசியலைப் பற்றியும், நம் பிள்ளைகளின் வாழ்வை மாற்றிவரும் தொழில்நுட்பங்களைப் பற்றியும் நாம் உறுதியாகப் பேச வேண்டும். கருத்தை எவ்வளவு வன்மையாகவும் எதிர்க்கலாம்; அதனைச் சொன்னவரின் நற்பெயர் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள் என்பதை மட்டும் மறத்தலாகாது.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் கணனியை உங்களிலும் நன்கு அறிவார்கள். ஆனால் எதிர்க்கருத்துக் கொண்டவரைப் பற்றி எவ்வாறு பேசுவது என்பதை, இரவு உணவு வேளையில் நீங்கள் பேசும் பேச்சிலிருந்தே அவர்கள் கற்கின்றார்கள். நமக்குப் பிடிக்காத கட்சியைச் சேர்ந்த ஒருவரைப் பற்றிய பொய்யான செய்தியொன்று குடும்பக் குழுவில் பகிரப்படும்போது, "அவருடைய கொள்கை எனக்கு உடன்பாடில்லை; ஆனால் இது உண்மையன்று" என்று தந்தையோ தாயோ எழுதும் ஒரு வரி, பல மறைக்கல்வி வகுப்புகளுக்கு ஈடாகும்.

இவ்வாரத்தில் நாம் ஒன்றைச் செய்வோம். நம்மோடு கடுமையாக முரண்படும் ஒருவரை நினைவுகூர்வோம். அவரைப் பற்றி நாம் அறிந்த, ஆனால் இதுவரை பிறரிடம் சொல்ல மனம் வராத நல்ல உண்மை ஒன்றை, அவர் இல்லாத இடத்தில் எடுத்துச் சொல்வோம். காணிக்கை செலுத்துமுன் சகோதரரோடு ஒப்புரவாகுமாறு பணித்த ஆண்டவர், அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு அவ்வாறு ஆயத்தமாகி வருவோரை மகிழ்வோடு ஏற்றுக்கொள்வார்.