சுவரில் கரும்புள்ளி: குற்றம் வீட்டினுடையதா, குடியிருப்பவருடையதா?

2022ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 2024ஆம் ஆண்டு மார்ச் வரையிலான 18 மாதங்களில் இங்கிலாந்தில் பெய்த மழை, 1836ஆம் ஆண்டு முதல் பேணப்பட்டு வரும் பதிவுகளில் அத்தகைய எந்தக் காலப்பகுதியையும் விட அதிகமானது. வெள்ளம் சூழ்ந்த வீதிகளின் படங்கள் செய்தியாயின. மழை விட்ட சில நாட்களில் படுக்கையறை மூலையில் தோன்றும் கரும்புள்ளிகள் செய்தியாவதில்லை. ஆனால் வாடகைக்கு இருப்பவருக்கும் வீட்டு உரிமையாளருக்கும் இடையிலான நீண்ட தகராறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

சுவர் ஒழுகுகிறது என்பார் குடியிருப்பவர். நீங்கள் ஜன்னலைத் திறப்பதில்லை, வீட்டுக்குள் துணி காயவைக்கிறீர்கள், அதிகம் சமைக்கிறீர்கள் என்பார் உரிமையாளர். அடுப்பில் சோறு கொதிப்பதும், நாள்தோறும் குளிப்பதும் குற்றப்பட்டியலில் சேர்வதை இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவும் அறியும்.

இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ரொச்டேல் நகரம் காட்டியது. அங்கு சமூக வீட்டுவசதிக் குடியிருப்பு ஒன்றில் வசித்த, சூடானைச் சேர்ந்த குடும்பம் பூஞ்சணம் குறித்து முதலில் முறையிட்டது 2017ஆம் ஆண்டில். மேலே வண்ணம் பூசிக்கொள்ளுமாறு பதில் கிடைத்தது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் அக்குடும்பத்தின் இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் உயிரிழந்தான். வீட்டிலிருந்த பூஞ்சணத்துக்கு நீண்டகாலம் ஆட்பட்டதால் ஏற்பட்ட கடும் சுவாசக் கோளாறே காரணம் என்று 2022ஆம் ஆண்டு நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். குடும்பத்தின் வாழ்க்கை முறை குறித்துத் தாங்கள் தவறான ஊகங்களைக் கொண்டிருந்ததாக வீட்டை நிர்வகித்த அமைப்பு பின்னர் ஒப்புக்கொண்டது. இத்தனைக்கும் ஓராண்டுக்கு முன்னரே, 2021ஆம் ஆண்டு அக்டோபரில், ஈரமும் பூஞ்சணமும் வாழ்க்கை முறையால் விளைபவை என்று கைகழுவ வேண்டாம் என்று வீட்டுவசதிக் குறைகேள் அதிகாரி தமது அறிக்கையின் தலைப்பிலேயே எச்சரித்திருந்தார்.

'மழையா, மூச்சுக்காற்றின் ஈரமா' என்ற கேள்வியே அரைகுறையானது. உடைந்த கூரைப் பீலியிலிருந்தோ செங்கல் இணைப்புகளின் வெடிப்பிலிருந்தோ மழைநீர் சுவருக்குள் இறங்கினால், அந்தச் சுவர் வெப்பத்தை விரைவாக இழந்து குளிர்கிறது. சமையலிலும் குளியலிலும் எழும் ஆவி, வீட்டின் மிகக் குளிர்ந்த பரப்பையே தேடிப் படிகிறது. அதாவது உள்ளிருந்து வந்த ஈரத்தையும் அங்கே அழைத்து வந்தது வெளியிலிருந்து வந்த மழைதான். மழை பெய்யும்போதெல்லாம் விரியும் பழுப்புக் கறையும், அதன் ஓரத்தில் படரும் கரும்புள்ளிகளும் ஒரே கதையின் இரு பகுதிகள்.

பூஞ்சணம்தானா என்று சந்தேகிப்பவர்கள் ஆய்வுகூடப் பரிசோதனைக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. இந்த அளவு வரை பாதுகாப்பானது என்று வரையறுக்க இயலாது என்றே உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டின் தனது வழிகாட்டியில் கூறியது. கண்ணுக்குத் தெரிந்தால், அல்லது மண்வாசம் போன்ற புழுங்கல் மணம் வந்தால், அதுவே போதும். நனைந்தவற்றை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பூஞ்சணம் பிடிப்பதைப் பெரும்பாலும் தடுக்கலாம். பிடித்துவிட்டால், துடைப்பதற்கு முன் தேதியுடன் படம் எடுத்து, உரிமையாளருக்கு எழுத்தில் அறிவிப்பது அவசியம். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் நுண்வித்துகள் அறையெங்கும் பரவும். ஈரத்துணியால் துடைப்பதே முறை. ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த வேலையில் இறங்கக்கூடாது.

அந்தக் குழந்தையின் பெயராலேயே அழைக்கப்படும் சட்டம் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் தேதி இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. அவசர ஆபத்துகளை 24 மணி நேரத்துக்குள் ஆராய்ந்து அகற்ற வேண்டும். குறிப்பிடத்தக்க அளவிலான ஈரம், பூஞ்சணம் குறித்த புகார்களை 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும். ஆபத்து உறுதியானால் 5 வேலை நாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். இயலாவிட்டால் மாற்று இருப்பிடம் தர வேண்டும். முதல் முறையாக, கடிகாரம் குடியிருப்பவரின் கையில் தரப்பட்டிருக்கிறது.

ஆனால் இது கவுன்சில் மற்றும் சமூக வீட்டுவசதிச் சங்கங்களின் வீடுகளுக்கே தொடங்கியது. புதிதாக வந்து சேர்ந்த குடியேறிகளில் பெரும்பாலோர் இருப்பது தனியாரின் வீடுகளில். அவற்றுக்கும் இவ்விதிகளை விரிவாக்க 2025ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டம் வழி செய்கிறது. எனினும் அதற்குத் தனி விதிமுறைகள் தேவை. அதுவரை அவர்களுக்குக் கைகொடுப்பவை, வசிக்கத் தகுந்த நிலையில் வீட்டை வைத்திருக்கக் கட்டாயப்படுத்தும் 2018ஆம் ஆண்டுச் சட்டமும், நேரில் வந்து பார்வையிடும் அதிகாரமுள்ள கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவும்தான். இவற்றை நாடாமல் பலர் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல. முறையிட்டால் காரணம் கூறாமலேயே வெளியேற்றும் நோட்டீஸ் வரும் என்ற அச்சம் அவர்களிடம் இருந்தது. அத்தகைய நோட்டீஸுக்கு முடிவு கட்டுவதும் அதே 2025ஆம் ஆண்டுச் சட்டம்தான்.